பரப்புகளின் மேல் ஸ்பெஷல் உல்ரிச் பண்டில்: இருக்கிறது என்று காட்டுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. கணிதம் படிப்பவர்களையும், படித்துவிட்டு நெட் பரீட்சைக்குத் தயாராகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அல்ஜீப்ராயிக் ஜியாமெட்ரி என்றாலே சென்னைக்கோ மும்பைக்கோ போய்ச் சேர்ந்த பிறகுதான் கை வைக்க முடியும் என்று நம் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒதுங்கி நிற்க வேண்டியதே இல்லை. வெக்டர் பண்டில் பற்றிய இன்றைய கணிதம் எந்தத் தேற்றத்தின் மேல் எழுந்து நிற்கிறதோ அதில் பாதிப் பெயர் வட ஆற்காட்டுக்காரருடையது. எம். எஸ். நரசிம்மன் 1932-ல் தண்டரையில் பிறந்தவர். அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் அவரும் லயோலா கல்லூரியில் படித்து, 1953-ல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, 1965-ல் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தை வெளியிட்டார்கள். ஒரு ரீமான் பரப்பின் மேல் டிகிரி பூஜ்யமான ஸ்டேபிள் பண்டில்களும், அதன் ஃபண்டமென்டல் குரூப்பின் பிரிக்க முடியாத யூனிட்டரி ரெப்ரசென்டேஷன்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பது அதன் சாரம். அது வளைவரைகளின் கதை. இங்கே நாம் ஒரு பரிமாணம் மேலே ஏறி, பரப்புகளின் மேல் ஸ்பெஷல் உல்ரிச் பண்டில் என்ற தனி வகைப் பண்டில் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம், கையால் கணக்குப் போட்டே.

உங்களுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியவை நான்கே: பரப்புக்கான ரீமான்–ரோக், செர் டூவாலிட்டி, கொடைராவின் பூஜ்யத் தேற்றம், ஷார்ட் எக்ஸாக்ட் சீக்வென்ஸிலிருந்து கோஹோமாலஜியின் நீண்ட சீக்வென்ஸ் எழுதுவது. நிரூபணம் தெரியாவிட்டாலும் கூற்று தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

குறியீடுகள்

காம்ப்ளெக்ஸ் எண்களின் மேல், சிங்குலாரிட்டி இல்லாத ஒரு புரொஜெக்டிவ் பரப்பு ப. அதை ஹைப்பர்பிளேனால் வெட்டினால் கிடைக்கும் டிவைசர் கிளாஸ் த. கனானிகல் கிளாஸ் க. ப-வின் ஸ்ட்ரக்சர் ஷீஃப் ஓ. அதன் ஆய்லர் எண்ணை ஆ என்று எழுதுகிறேன். ஆ = 1 − க்யூ + பிஜி, அதாவது க்யூ என்பது எச்1(ஓ)-வின் பரிமாணம், பிஜி என்பது ஓ(க)-வின் செக்‌ஷன்களின் பரிமாணம். நாம் தேடும் பண்டில் உ. அதன் செர்ன் கிளாஸ்கள் செ1, செ2. உ(−த) என்றால் உ-வை ஓ(−த)-வோடு டென்சர் செய்தது. த² என்பது ப-வின் டிகிரி. இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதைத் தேடுகிறோம்

பெர்ன்ட் உல்ரிச் 1984-ல் கம்யூட்டேட்டிவ் அல்ஜீப்ராவில், ஜெனரேட்டர்களின் எண்ணிக்கை எவ்வளவு அதிகமாக இருக்க முடியுமோ அவ்வளவு இருக்கும் மாட்யூல்களைப் பற்றி எழுதினார். ஐசன்பட்டும் ஷ்ரையரும் 2003-ல் அதை ஜியாமெட்ரிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு புரொஜெக்டிவ் வெரைட்டியின் மேலும் இப்படி ஒன்று இருக்குமா என்று கேட்டார்கள். வளைவரைகளுக்கு ஆமாம். பரப்புகளுக்கு? பொதுவான விடை இன்னும் இல்லை. வகை வகையாகத்தான் தெரியும்.

பரப்பில் வரையறை இது: உ(−த), உ(−2த) இரண்டுக்கும் எச்0, எச்1, எச்2 எல்லாமே பூஜ்யமாக இருந்தால் உ ஒரு உல்ரிச் பண்டில். இரண்டு பண்டில், மூன்று கோஹோமாலஜி, ஆக ஆறு நிபந்தனை. இதே வரையறைக்கு இன்னொரு முகமும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். ப-வைப் புரொஜெக்ஷன் மூலம் தளத்தின் மேல் இறக்கினால், உ அங்கே ஓ-வின் வெறும் நேர்க்கூட்டலாக, அதாவது முறுக்கே இல்லாத பண்டிலாக விழ வேண்டும். அதனால்தான் ரேங்க் ர உள்ள உல்ரிச் பண்டிலுக்குச் சரியாக ர × த² செக்‌ஷன்கள் இருக்கும். கடைசியில் விடையைச் சரிபார்க்க இந்த எண் ரொம்பவும் உதவும், மறக்காதீர்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். மூன்று பரிமாணப் புரொஜெக்டிவ் வெளியில் ஒரு பரப்பின் சமன்பாட்டை லீனியர் உறுப்புகள் கொண்ட அணியின் டிடர்மினன்டாகவோ ஃபாஃபியனாகவோ (ஸ்க்யூ சிமெட்ரிக் அணியின் டிடர்மினன்டுக்கு வர்க்கமூலமாக வரும் கோவை) எழுத முடியுமா என்ற பழைய கேள்வியும் இதுவும் ஒன்றே. நான்கு மாறிகளை 2×2 அணியில் அடுக்கி டிடர்மினன்ட் எடுத்தால் குவாட்ரிக் பரப்பு கிடைக்கிறதல்லவா, அதன் பின்னால் இருப்பது ஒரு உல்ரிச் லைன் பண்டில். லைன் பண்டில் இருந்தால் டிடர்மினன்ட். ரேங்க் 2-ல் ஸ்பெஷல் பண்டில் இருந்தால் ஃபாஃபியன்.

இரண்டாம் படி: தளத்தில் கை பழக்குதல்

உடனே பெரிய பரப்புக்குப் போகாதீர்கள். புரொஜெக்டிவ் தளத்தை எடுத்து, த-வைக் கோனிக் கிளாஸாக வையுங்கள். இதுதான் வெரோனீஸ் பரப்பு, டிகிரி 4. முதலில் லைன் பண்டில் ஏதாவது உல்ரிச்சாக இருக்குமா? தளத்தில் ஓ(ந)-வின் ஆய்லர் எண் (ந+1)(ந+2)/2. த-வால் ஒரு தடவை முறுக்கினால் 2 குறையும், இரண்டு தடவை முறுக்கினால் 4 குறையும். ஆகவே ஓ(ம)-வுக்கு ம(ம−1) = 0, (ம−2)(ம−3) = 0 இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். நடக்காது. லைன் பண்டில் கிடையாது, முடிந்தது.

சரி, ரேங்க் 2? தளத்தின் டேன்ஜன்ட் பண்டிலை எடுங்கள். ஆய்லர் சீக்வென்ஸின்படி அது ஓ(1)-இன் மூன்று பிரதிகளை ஓ-வால் வகுத்தது. 2 குறைத்து முறுக்கினால் ஓ(−1)-இன் மூன்று பிரதிகளும் ஓ(−2)-வும் வரும். தளத்தில் இவை இரண்டுக்கும் எந்தக் கோஹோமாலஜியும் இல்லை. ஆகவே வகுத்து வரும் பண்டிலுக்கும் இல்லை. இது பாதி வேலை. மீதிப் பாதி, அதாவது 4 குறைத்து முறுக்கியது, செர் டூவாலிட்டியால் தானாக வந்துவிடுகிறது, ஏனென்றால் டேன்ஜன்ட் பண்டிலின் டூவல் அதே பண்டிலை 3 குறைத்து முறுக்கியது. செக்‌ஷன்களை எண்ணுங்கள்: 9 − 1 = 8, அது 2 × 4. சரியாக உட்காருகிறது.

இந்தச் சின்ன எடுத்துக்காட்டில் முழு விஷயமும் இருக்கிறது. ரேங்க் 1-ல் கதவு மூடினாலும் ரேங்க் 2-ல் திறக்கலாம். பாதி நிபந்தனை டூவாலிட்டியால் இலவசமாக வந்துவிடும். அந்த இலவசத்தைத்தான் அடுத்துப் பிடிக்கப் போகிறோம்.

மூன்றாம் படி: ஸ்பெஷல் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்

ரேங்க் 2 உல்ரிச் பண்டிலுக்கு செ1 = 3த + க என்று இருந்தால் அதை ஸ்பெஷல் என்கிறோம். ரேங்க் 2-ல் உ-வின் டூவல், உ-வை −செ1-ஆல் முறுக்கியதுதான். அதோடு செர் டூவாலிட்டியைச் சேர்த்து எழுதிப் பாருங்கள்: உ(−த)-வின் எச்0-வும் உ(−2த)-வின் எச்2-வும் ஒரே பரிமாணம், எச்1-உம் எச்1-உம் ஒன்று, எச்2-வும் எச்0-வும் ஒன்று. ஆறு நிபந்தனை மூன்றாகிவிட்டது.

இன்னும் குறையும். உ(−2த)-வின் செக்‌ஷனை த-வின் சமன்பாட்டால் பெருக்கினால் உ(−த)-வின் செக்‌ஷன் ஆகிவிடும், ஆகவே எச்0(உ(−த)) = 0 என்றால் எச்0(உ(−2த)) = 0, அதாவது எச்2(உ(−த)) = 0. அப்புறம் செ2-வைச் சரியாகத் தேர்ந்து ஆய்லர் எண்ணைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தால், எச்0-வும் எச்2-வும் போனபின் எச்1-உம் போயே ஆக வேண்டும். ஆறு பூட்டு, ஒரே சாவி: செ1, செ2 சரியாக இருந்து, உ(−த)-வுக்கு ஒரு செக்‌ஷன்கூட இல்லை என்று காட்டிவிட்டால் போதும். இதை அவசரமில்லாமல் ஒருமுறை நீங்களே எழுதிச் சரிபாருங்கள், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா நிரூபணமும் இந்த ஒரு வரியில்தான் முடியும்.

நான்காம் படி: எண்கள்

செ1 = 3த + க என்று வைத்து, உ(−த)-வின் ஆய்லர் எண் பூஜ்யம் என்று ரீமான்–ரோக்கில் போட்டால் வருவது:

செ2 = (5த² + 3த·க)/2 + 2ஆ

காட்பாடியில் ரயில் ஏறினால் அரக்கோணம் வருவதற்குள் முடித்துவிடக்கூடிய கணக்கு. வெரோனீஸில் சோதியுங்கள்: த² = 4, த·க = −6, ஆ = 1. (20 − 18)/2 + 2 = 3. டேன்ஜன்ட் பண்டிலின் செ2 = 3. குவாட்ரிக்கில் த² = 2, த·க = −4, ஆக (10 − 12)/2 + 2 = 1; அங்கே இரண்டு கோட்டுக் குடும்பங்களுக்கான லைன் பண்டில்களின் நேர்க்கூட்டல்தான் ஸ்பெஷல் பண்டில், இரு குடும்பக் கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டுகின்றன, 1 சரி.

ஐந்தாம் படி: புள்ளிகளிலிருந்து பண்டில்

எண் சரியாக வந்துவிட்டதால் பண்டில் வந்துவிடாது. கட்ட வேண்டும். கட்டுவதற்கு ஆகச் சிறந்த கருவி செர் கரெஸ்பான்டன்ஸ். ப-வின் மேல் வெவ்வேறு புள்ளிகளின் தொகுதி பு, அதன் ஐடியல் ஷீஃப் ஐ. இப்படி ஒரு சீக்வென்ஸ் வேண்டும்:

0 → ஓ(ச) → உ → ஐ(ட) → 0

ச, ட இரண்டும் நாம் தேர்ந்தெடுக்கும் டிவைசர்கள். நடுவில் வரும் உ உண்மையான வெக்டர் பண்டிலாக வருமா என்பதைக் கெய்லி–பக்காராக் நிபந்தனை சொல்லிவிடும்: ஓ(ட − ச + க)-வின் ஒரு செக்‌ஷன், பு-வில் ஒரே ஒரு புள்ளியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பூஜ்யமானால், விட்டுப்போன புள்ளியிலும் பூஜ்யமாக வேண்டும். எந்தப் புள்ளியை விட்டாலும் இப்படி.

இந்த நிபந்தனையைப் பார்த்து மிரளுபவர்கள் அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் சத்துவாச்சாரியில் நாங்கள் சேர்ந்து படிக்கிறபோது ஒரு பையன் கேட்டான்: “அண்ணா, அப்படி ஒரு செக்‌ஷனே இல்லைன்னா என்ன ஆகும்?” அதுதான் விஷயமே. ஒரு புள்ளியை விட்டுவிட்டு மற்றவற்றில் பூஜ்யமாகும் செக்‌ஷனே கிடையாது என்றால், நிபந்தனையை மீற எதுவும் இல்லை, அது தானாக நிறைவேறுகிறது. ஓ(ட − ச + க)-வுக்கு ம பரிமாணம் என்றால், பொதுவாகத் தேர்ந்த ம + 1 புள்ளிகளை எடுங்கள். எந்த ஒன்றை விட்டாலும் மீதி ம புள்ளிகளும் ம பரிமாணத்தையும் தின்றுவிடும், செக்‌ஷன் மிஞ்சாது. பொதுவான ம + 1 புள்ளி எடுத்தால் கெய்லி–பக்காராக் கையில்.

ஆறாம் படி: முக்கியத் தேற்றம், முழு நிரூபணத்தோடு

பிஜி = 0, க்யூ = 0, எச்1(ஓ(த)) = 0 என்று வையுங்கள். அப்படிப்பட்ட எந்தப் பரப்பிலும் ஸ்பெஷல் உல்ரிச் பண்டில் உண்டு. இதை 2017-ல் கஸ்னாட்டி வெளியிட்டார்.

ச = த + க, ட = 2த என்று எடுங்கள். செ1 = 3த + க உடனே வருகிறது. செ2 சரியாக வர பு-வில் எத்தனை புள்ளி வேண்டும்? செ2 = 2த·(த + க) + புள்ளிகளின் எண்ணிக்கை. நான்காம் படியின் எண்ணிலிருந்து கழித்தால், எண்ணிக்கை = (த² − த·க)/2 + 2, ஏனென்றால் இங்கே ஆ = 1. இப்போது ட − ச + க = த. ஓ(த)-வின் செக்‌ஷன் பரிமாணம் ரீமான்–ரோக்கின்படி (த² − த·க)/2 + 1; எச்1 இல்லை என்று வைத்திருக்கிறோம், பிஜி = 0 என்பதால் எச்2-வும் இல்லை. தேவைப்படும் புள்ளிகள் அதைவிடச் சரியாக ஒன்று அதிகம்! மேலே சொன்ன ம + 1 அப்படியே வந்து நிற்கிறது. பொதுவான புள்ளிகளை எடுத்தால் கெய்லி–பக்காராக் நிறைவேறி, உ ஒரு வெக்டர் பண்டில்.

சாவி மட்டும் பாக்கி. சீக்வென்ஸை −த-ஆல் முறுக்குங்கள்:

0 → ஓ(க) → உ(−த) → ஐ(த) → 0

இடப்பக்கம் செக்‌ஷன் இல்லை, பிஜி = 0. வலப்பக்கம் செக்‌ஷன் இல்லை, ஏனென்றால் செக்‌ஷன்களைவிடப் புள்ளிகள் ஒன்று அதிகம். ஆகவே நடுவிலும் இல்லை. மூன்றாம் படியின்படி உ உல்ரிச். நிரூபணம் அவ்வளவுதான்.

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இந்த வாதம் எத்தனை பரப்புகளைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது என்று பாருங்கள். தளத்தின் எல்லா வெரோனீஸ் வடிவங்களும், எச்1(ஓ(த)) = 0 ஆக இருக்கும் எல்லா ரேஷனல் பரப்புகளும், எல்லா டெல் பெட்சோ பரப்புகளும் (த = −க ஆக இருப்பவை) உள்ளே. என்ரிக்கஸ் பரப்புகளும்தான்: அங்கே க நியூமெரிக்கலாகப் பூஜ்யம், த − க ஆம்பிள், ஆகவே கொடைரா தேற்றமே எச்1(ஓ(த))-வை அழித்துவிடுகிறது. க்யூ எங்கே தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்கள். க்யூ = 1 ஆனால் ஆ = 0, புள்ளி ஒன்று குறைந்துவிடும், பொதுவான புள்ளிகளில் கெய்லி–பக்காராக் உடைந்துவிடும். ஒரே ஒரு புள்ளியில்தான் எல்லாம் நிற்கிறது.

ஏழாம் படி: கியூபிக் பரப்பில் கையால்

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், விஷயம் கண்ணுக்கு நேராகத் தெரிவது இங்கேதான்.

மூன்று பரிமாண வெளியில் கியூபிக் பரப்பில் க = −த, த² = 3, ஆக த + க = 0. செ2 = (15 − 9)/2 + 2 = 5. ஓ(த)-வின் செக்‌ஷன்கள் தளங்கள்தான், பரிமாணம் 4. ஆறாம் படி சொல்வது: பரப்பின் மேல் பொதுவான ஐந்து புள்ளி எடு. எந்த நான்கும் ஒரே தளத்தில் இல்லை, கெய்லி–பக்காராக் சரி. ஐந்தும் ஒரே தளத்தில் இல்லை, சாவியும் சரி. உ-வின் செக்‌ஷன்கள்: ஐந்து புள்ளி வழியே போகும் குவாட்ரிக்குகள் 10 − 5 = 5, ஓ-விலிருந்து 1, மொத்தம் 6. அது 2 × 3. பொருந்துகிறது.

இதிலிருந்து ஃபாஃபியனை எப்படி எடுப்பது? ஐந்து புள்ளிகளை வசதியாக வையுங்கள்: நான்கு ஆய முனைகள், ஐந்தாவது எல்லா ஆயங்களும் 1 ஆன புள்ளி. பொதுவான எந்த ஐந்து புள்ளியையும் மாறிகளை மாற்றி இங்கே கொண்டுவந்துவிடலாம். முனைகள் வழியே போகும் குவாட்ரிக்கில் வர்க்க உறுப்புகள் இருக்காது, இரண்டு வெவ்வேறு மாறிகளின் பெருக்கங்கள் ஆறு மட்டும். ஐந்தாவது புள்ளி வழியே போக அந்த ஆறு கெழுக்களின் கூட்டல் பூஜ்யம். மிச்சம் ஐந்து குவாட்ரிக். புக்ஸ்பாம்–ஐசன்பட் தேற்றத்தின்படி, இந்த ஐந்தும் லீனியர் உறுப்புகள் கொண்ட ஒரு 5×5 ஸ்க்யூ சிமெட்ரிக் அணியின் 4×4 ஃபாஃபியன்கள். உங்கள் கியூபிக் இந்த ஐந்து புள்ளி வழியே போகிறது, இந்தப் புள்ளிகளின் ஐடியலை ஐந்து குவாட்ரிக்கும் உருவாக்குகின்றன, ஆகவே கியூபிக்கை அந்த ஐந்து குவாட்ரிக்கை ஐந்து லீனியர் வடிவங்களால் பெருக்கிக் கூட்டியதாக எழுதலாம். அந்த ஐந்து லீனியர் வடிவங்களையும் 5×5 அணிக்கு மேலே ஒரு புது வரிசையாகவும், குறி மாற்றி இடப்பக்கம் ஒரு புது நிரலாகவும் சேருங்கள். இப்போது 6×6. முதல் வரிசையை வைத்து ஃபாஃபியனை விரித்தால், தேவையான இடங்களில் குறியைச் சரிசெய்துகொண்டால், வந்து நிற்பது உங்கள் கியூபிக்.

பெரிய மெஷினரி எதுவும் இல்லாமல் எந்த வழுவழுப்பான கியூபிக்கையும் ஃபாஃபியனாக எழுதிவிட்டோம். லேப்டாப் இருந்தால் மெக்காலே2 என்ற அல்ஜீப்ரா மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். எண்களை 32003 போன்ற ஒரு பகா எண்ணின் ஃபைனைட் ஃபீல்டில் வைத்து ஓட்டினால் வேகமாகவும் போகும், கெழுக்களும் வீங்காது. ஆனால் முதல் தடவை தாளில் செய்யுங்கள். ஐந்து குவாட்ரிக்கையும் 5×5 அணியையும் சொந்தக் கையால் எழுதியவர்களுக்கு அதன் பிறகு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இந்தப் பகுதி புரியாமல் போகாது.

ஒரு தகவல்: கியூபிக்கில் லைன் பண்டிலும் உண்டு. வழுவழுப்பான கியூபிக்கை 3×3 டிடர்மினன்டாக அடிப்படையில் வேறுபட்ட 72 விதங்களில் எழுதலாம்.

எட்டாம் படி: கே3-ல் பாதை ஏன் மாறுகிறது

டிகிரி 4-க்கு வாருங்கள். குவார்டிக் ஒரு கே3 பரப்பு, அதாவது க = 0, க்யூ = 0 ஆன பரப்பு; பிஜி = 1, ஆ = 2. ஆறாம் படியின் கடைசி சீக்வென்ஸைப் பாருங்கள்: இடப்பக்கம் ஓ(க) இப்போது ஓ, அதற்குச் செக்‌ஷன் இருக்கிறது, அது நேராக உ(−த)-வுக்குள் நுழைந்துவிடும். சாவி உடைந்தது.

ச = 0, ட = 3த என்று எடுத்து முயன்றால்? செ2 = 20/2 + 4 = 14 புள்ளி. கெய்லி–பக்காராக் பார்க்க வேண்டியது ஓ(3த)-வில், அதற்கு 20 செக்‌ஷன்கள். பொதுவான 14 புள்ளிகள் 20-ல் 14-ஐத்தான் தின்னும், ஒரு புள்ளியை விட்டால் அதில் பூஜ்யமாகாத கியூபிக் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே பொதுவான புள்ளி உதவாது. தங்களுக்குள் உறவு வைத்திருக்கும் 14 புள்ளிகள் வேண்டும்: ஏழு கியூபிக்குகளில் சேர்ந்து கிடக்கும், ஆனால் ஒரு குவாட்ரிக்கிலும் அடங்காத 14 புள்ளிகள். இந்த இடத்தில்தான் கேள்வி உண்மையிலேயே கடினமாகிறது. பிஜி பூஜ்யமானால் புள்ளிகளைக் கண்ணை மூடித் தூவலாம், பிஜி வந்துவிட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

தேடுவதற்கு ஒரு நல்ல வழி லாசார்ஸ்ஃபெல்ட்–முகாய் பண்டில். பொதுவான கே3-ல் த² = 2ஜீ − 2 என்று வைத்து, 3த கிளாஸில் வழுவழுப்பான ஒரு வளைவரையை எடுங்கள்; அதன் ஜீனஸ் 9ஜீ − 8. அதன் மேல் டிகிரி 5ஜீ − 1 உள்ள, இரண்டு செக்‌ஷன்கள் கொண்ட ஒரு லைன் பண்டிலை எடுத்து, வளைவரையிலிருந்து பரப்புக்கு ஏற்றினால் ரேங்க் 2, செ1 = 3த, செ2 = 5ஜீ − 1 என்று ஒரு பண்டில் வரும். நான்காம் படியின் எண்ணும் 5(ஜீ − 1) + 4 = 5ஜீ − 1. எண் பொருந்துவது எளிது. உ(−த)-வுக்குச் செக்‌ஷன் இல்லை என்று காட்டுவதில்தான் உழைப்பு முழுதும் போகிறது. வழுவழுப்பான எல்லாக் குவார்டிக்குகளும் ஃபாஃபியன் என்று கோஷ்குன், குல்கர்னி, முஸ்தோபா 2012-ல் காட்டினார்கள். அப்ரோடு, ஃபர்காஷ், ஒர்தேகா 2017-ல் மேலே சொன்ன வழியில் பெரும்பாலான கே3-களைப் பிடித்தார்கள். ஃபேன்ட்சி 2019-ல் எல்லாக் கே3-களுக்கும் முடித்துவைத்தார். அபேலியன் பரப்புகளுக்கு ரேங்க் 2 உல்ரிச் பண்டிலை போவில் 2016-ல் கொடுத்தார்.

நரசிம்மன் வழி வந்த கணிதம் இதிலெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. உல்ரிச் பண்டில் எப்போதும் செமிஸ்டேபிள். ஸ்டேபிள் இல்லாவிட்டாலும், அதைப் பிரித்தால் கிடைக்கும் துண்டுகள் எல்லாம் மறுபடி உல்ரிச்சே. த கிளாஸில் உள்ள வளைவரைக்குச் சுருக்கினால் அங்கேயும் உல்ரிச். ஆகவே பரப்பில் எங்காவது சிக்கிக்கொண்டால் வளைவரைக்கு இறங்கிப் பார்ப்பது எப்போதும் நல்ல பழக்கம்.

ஒன்பதாம் படி: எல்லை எங்கே என்று எண்ணிப் பார்த்தல்

ஒரு குடும்பத்துப் பரப்புகள் எல்லாவற்றிலும் ஸ்பெஷல் பண்டில் இருக்குமா என்று யோசிக்கும்போது, நிரூபணத்தில் இறங்குவதற்கு முன் பரிமாணத்தை எண்ணுங்கள். மூன்று பரிமாண வெளியில் டிகிரி ந பரப்பின் ஃபாஃபியன் அணி 2ந × 2ந, நான்கு மாறிகள். அணிகளின் பரிமாணம் 4ந(2ந − 1). ஒரே ஃபாஃபியனைத் தரும் மாற்றங்களுக்கு 4ந² − 1 கழியுங்கள். மிஞ்சுவது, டிகிரி ந சமன்பாடுகளின் பரிமாணமான (ந+1)(ந+2)(ந+3)/6-ஐவிடக் குறையக் கூடாது.

ந = 4: 112 − 63 = 49. குவார்டிக் சமன்பாடுகள் 35. மிச்சம் 14. ஒரு கே3-ல் இந்தப் பண்டில்களின் மாடுலையின், அதாவது இவற்றையெல்லாம் புள்ளிகளாகக் கொண்ட வெளியின், பரிமாணம் 4செ2 − செ1² − 6 = 56 − 36 − 6 = 14. இரண்டு வேறு வழியில் ஒரே எண் வருகிறது. இதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சிதான். லைன் பண்டிலுக்கு இதேபோல் எண்ணினால் 64 − 30 = 34, ஒன்று போதவில்லை, ஆகவே பொதுவான குவார்டிக்கை 4×4 டிடர்மினன்டாக எழுத முடியாது.

ந = 15: 1740 − 899 = 841, தேவை 816. இடம் இருக்கிறது. ந = 16: 1984 − 1023 = 961, தேவை 969. இடம் இல்லை. 15 வரை பொதுவான பரப்பு உண்மையிலேயே ஃபாஃபியன் என்பதைப் போவிலும், அவரோடு கணினிக் கணக்குப் போட்ட ஷ்ரையரும் 2000-ல் காட்டினார்கள். எண்ணிக்கை இடம் கொடுத்தால் மட்டும் போதாது, சரிபார்க்கவும் வேண்டும் என்பதை இதில் கவனியுங்கள். 16-லிருந்து பொதுவான பரப்பில் ரேங்க் 2 கிடையாது. ஆனால் உல்ரிச் பண்டிலே இல்லை என்று ஆகிவிடாது: பாக்கெலின், ஹெர்ட்சோக், உல்ரிச் 1991-ல் எல்லா ஹைப்பர்சர்ஃபேஸ்களிலும் ஏதோ ஒரு ரேங்கில் உண்டு என்று காட்டிவிட்டார்கள், ரேங்க்தான் பெரிதாகிவிடும்.

உங்களுக்கான வேலை

நான்காம் படியின் சூத்திரத்தில் டிகிரி ந பரப்புக்கு த² = ந, த·க = ந(ந − 4), பிஜி = (ந−1)(ந−2)(ந−3)/6, க்யூ = 0 போட்டு செ2-வைக் கணக்கிடுங்கள். ந = 2, 3, 4, 5-க்கு 1, 5, 14, 30 வரும்; 1, 1+4, 1+4+9, 1+4+9+16. ந = 6-க்கு 55 வருகிறதா பாருங்கள், பிறகு பொதுச் சூத்திரம் ந(ந−1)(2ந−1)/6 என்று காட்டுங்கள். அது முடிந்ததும் குவின்டிக்கை (டிகிரி 5) எடுங்கள்: 30 புள்ளி, 9 குவார்டிக்குகள், 9×9 ஸ்க்யூ அணி. 9×9 அணியின் உறுப்புகளை மெக்காலே2-வில் ராண்டமாகப் போட்டு, அதன் 8×8 ஃபாஃபியன்களின் ஐடியலின் டிகிரியைக் கேளுங்கள். 30 என்று திரையில் வந்ததும், ஏழாம் படியில் செய்ததுபோல் ஒரு வரிசையைச் சேர்த்து 10×10 ஆக்கி, அதன் ஃபாஃபியனாக வரும் குவின்டிக்குக்குச் சிங்குலாரிட்டி இல்லை என்று சரிபார்த்துவிடுங்கள்.